கப்பலுக்கு ஒரு சின்னப் படம்

அத்தை மறுபடியும் கட்டைவிரலால் அப்பாவின் இடது இமையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து விரலை எடுத்தாள். இமை அவசரப்படாமல் மேலேறி, ஒரு நூலிழை அளவுக்குத் திறந்துகொண்டு நின்றது.

"பிடிவாதத்தைப் பாரேன். செத்தும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குறான்," என்று அத்தை யாரிடமும் சொல்லாமல் சொன்னாள். அப்பாவுக்கு அவள் மூத்தவள். தம்பியை அதட்டுவது அவளுடைய ஆயுள் உரிமையாக இருந்தது. அதிகாலையில் தூக்கத்திலேயே அவர் போய்விட்ட செய்தி கேட்டு வந்து சேர்ந்தது முதல், அழுகைக்கு நடுவே அந்த இமையோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டின் இளைய பிள்ளையான சின்னவள் அவர்களைக் கடந்து உள்ளறைக்குப் போனாள். கணினியின் மேல் கிடந்த தூசுத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன துணி அது. திரையின் ஒரு மூலையை எப்போதும் வெளியே விட்டுவிடும். அப்பாவின் நாற்காலியில் உட்காரலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். அதன் முதுகில் சிவப்பு மையில் அவர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது: கை வைக்காதே. அவள் பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கப்பலில் வேலை பார்க்கும் அண்ணனிடமிருந்து காலையில் வந்த செய்தியை அவள் இத்தனை முறை படித்தும் மனம் அதில் நிலைகொள்ளவில்லை. 'என்னால வந்து சேர முடியாது. எடுக்கறதுக்கு முன்னாடி அப்பா முகத்தை ஒரு தடவை பாக்கணும். நம்ம பக்கத்துல போடு. சின்னதாப் போடு, பெருசு இங்க திறக்காது. மதியம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பறோம். அப்புறம் லைன் கிடையாது.'

'நம்ம பக்கம்' என்பது இணையத்தில் குடும்பத்தார் மட்டும் பார்ப்பதற்காக அப்பா தொடங்கியிருந்த பக்கம். ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் கப்பலேறிய பிறகு வாராவாரம் அந்தப் பக்கத்தில் படங்கள் போடுவதைப் புது உத்தியோகம்போல் செய்துவந்தார். மாடிப்படி ஜன்னலில் மாற்றிய கண்ணாடி, அம்மாவின் புது மூக்குக்கண்ணாடி, மழைக்குப் பிறகு தெரு, இப்படி எதையாவது எடுத்துப் போடுவார். கப்பலின் சோம்பேறி இணைப்பில் திறக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றையும் சுருக்கித்தான் போடுவார். படம் எடுப்பவர் அவரே என்பதால், அத்தனை படங்களில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை.

எப்படிச் சுருக்கினார் என்று சின்னவள் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்த ஒரே ஆள் கூடத்தில் படுத்திருந்தார்.

அவள் கணவன் கைபேசியோடு உள்ளே வந்தான். காலையில் அப்பாவின் முகத்தைப் படம் எடுத்தவன் அவன்தான். பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை. எதையும் நேரத்தில் முடிக்கவேண்டும் என்ற பதற்றம் வீட்டிலும் அவனை விடாது.

"அப்படியே போட்டுப் பாத்தேன். நம்ம பக்கமே வாங்க மாட்டேங்குது. ரொம்பப் பெருசாம். படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாத்தித் தரேன், பாரு. சுடுகாட்டு வண்டிக்காரர் கிளம்பிட்டேன்னு போன் பண்ணிட்டார்."

"எதுலங்க சுருக்கறது?"

"உங்க அப்பா கம்ப்யூட்டர். என்னைக் கேட்டா?"

திரை வெளிச்சம் பெற்றது. சின்னவள் திகைத்துப்போனாள். படம் சுருக்குவதற்கென்று உலகத்தில் என்னென்ன மென்பொருள் உண்டோ அத்தனையையும் அப்பா இறக்கி வைத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. அவை ஒவ்வொன்றின் சொந்தப் பெயரையும் அழித்துவிட்டு, கிடங்கில் சாமான்களுக்கு எழுதுகிற வழக்கப்படி புதுப் பெயர் எழுதியிருந்தார். 'புதுசு.' 'பரவாயில்லை.' 'பார்க்கணும்.' 'நல்லது.' 'மாப்பிள்ளை கொடுத்தது.' ஒரு ஓரத்தில், சாம்பல் நிறத்தில் பழைய பெட்டி போன்ற குறியின் கீழ், 'கை வைக்காதே.'

"நான் கொடுத்தது இருக்கு பாரு, அதைத் திற," என்றான் கணவன், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடு.

அது திறந்ததும் திறக்காததுமாக, காலாவதியாகிவிட்டதாகச் சொல்லி மூடிக்கொண்டது.

"அவர் அதைத் தொடவே இல்லபோல," என்று அவன் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

'புதுசு' மரியாதையாகத் திறந்தது. படத்தைச் சுருக்கியும் கொடுத்தது. ஆனால் அப்பாவின் நெற்றியிலிருந்து தாடைவரை குறுக்கே தன் கம்பெனிப் பெயரைச் சாய்வாக அச்சடித்திருந்தது. பதிவு செய்துகொண்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று கீழே ஒரு குறிப்பு.

"போற வழியில விளம்பரப் பலகையாக்கிட்டானே என் தம்பியை," என்றாள் வாசலில் வந்து நின்ற அத்தை. பிறகு, தான் சொன்னது தனக்கே தாங்காமல், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

'பரவாயில்லை' நீளமும் அகலமும் கேட்டது. சின்னவள் தனக்குத் தோன்றிய இரண்டு எண்களைக் கொடுத்தாள். அப்பாவின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, கன்னம் இரண்டும் உப்பி, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு சிரிப்பை மறைப்பவர்போல் ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக அழுகை வந்தது. எண்களை மாற்றினாள். இப்போது முகம் நெடுக நீண்டது. எந்த முகம் அப்பாவுடையது என்பதே ஒரு நொடி அவளுக்குக் குழம்பிப்போக, எழுந்துபோய்க் கூடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கைபேசி மினுங்கியது. அண்ணன்: 'போட்டாச்சா?'

"அந்தக் கை வைக்காதேயைத் திறந்து பாக்கலாமே," என்றான் கணவன்.

"ஐயோ, வேண்டாங்க. அப்பா போட்டிருக்கார்ல."

அதை அவள் பயத்தினால் சொல்லவில்லை, பழக்கத்தினால் சொன்னாள். இந்த வீட்டில் அவர் கத்தரிக்கோலில், ரேடியோவில், தேநீர்க் குவளையில் எல்லாம் அந்தச் சிவப்பு எழுத்து இருந்தது. அண்ணன் ஒருமுறை ரேடியோவிலிருந்து அதைக் கிழித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தான். சின்னவள் எதன் மேலிருந்தும் கிழித்ததில்லை. கேட்டதற்கெல்லாம் 'சரி' என்றும் 'ஆகட்டும்' என்றும் சொல்லி வளர்ந்தவள். காப்பீட்டு அலுவலகத்தில் அவள் மேசைக்கு வருகிற யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்ப அவளுக்கு வராது.

"அப்ப நல்லதுன்னு ஒண்ணு இருக்கே. அவரே நல்லதுன்னு எழுதியிருக்கார். அதையே எடுத்துக்கோயேன்," என்றான் கணவன்.

அது நியாயமாகப் பட்டது. 'நல்லது' பளபளவென்று திறந்தது. படத்தைக் கொடுத்ததும் கேள்விகளாகக் கேட்டது. இணையத்தில் போடுவதற்கா? ஆம். அளவைத் தானே பார்த்துக்கொள்ளட்டுமா? ஆம். அதற்குப் பிறகும் ஏதோ கேட்டது. படியில் காலடிச் சத்தம் நெருங்கியது. ஆம், ஆம் என்று அவள் விரல் அழுத்திக்கொண்டே போனது. படம் கைக்கடக்கமாகச் சுருங்கி ஒரு மூலையில் வந்து நின்றது. அதை அப்படியே பக்கத்தில் ஏற்றிவிட்டு எழுந்தாள்.

வண்டிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரமாக நின்றிருந்தார். நல்ல உயரம், கதவு நிலை தலையில் தட்டாமலிருக்கக் குனிந்தே நின்றார்.

"அவசரமில்லம்மா. படி வளைவுல மட்டும் கொஞ்சம் பாத்துத் திருப்பணும், அதைத்தான் பாத்துட்டு வந்தேன்," என்றார்.

"ஒரு அஞ்சு நிமிஷங்க. எங்க அண்ணன் பாத்துடட்டும்," என்றாள் சின்னவள்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை மடியில் வைத்திருந்தாள். அதற்குச் சாவி கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாதவள்போல் சாவிக் குமிழைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தாள்.

கைபேசி மினுங்கியது.

'அப்பா முழிச்சிருக்காரே?'

சின்னவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். அடுத்தது வந்தது. 'ரெண்டு கண்ணும் திறந்திருக்கு. என்னையே பாக்கறார். டாக்டர் சரியாப் பாத்தாரா? யாராவது பதில் சொல்லுங்க.'

"என்னவாம்?" என்றான் கணவன். அவள் கைபேசியை அவன் கையில் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அதற்குள் அவன் கைபேசியே ஒலித்தது. வேறு ஊரிலிருந்து மாமா.

"என்ன மாப்பிள்ளை நடக்குது அங்க? நம்ம பக்கத்துல படம் பாத்தேன். மச்சான் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்காரு, இவங்க போயிட்டார்னு சொல்றாங்கன்னு என் பொண்டாட்டி கத்தறா!" குரல் கூடத்துக்கே கேட்டது.

நடக்க முடியாத காரியம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் அவரைச் சுற்றிக் குனிந்தார்கள். அத்தை விரலை அவர் மூக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். இடது இமையின் நூலிழைக்குள் வெள்ளை தெரிந்தது. காலையிலும் இவ்வளவுதான் தெரிந்ததா, இப்போது கூடியிருக்கிறதா? சின்னவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"காலையில டாக்டர் சரியாத்தானே பாத்தார்?" என்றான் கணவன்.

"நீங்கதானே பக்கத்துல நின்னீங்க?"

"நின்னேன். நின்னேன்தான்."

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "இருக்காருன்னா சொல்லிடுங்கம்மா. நான் போயிடறேன். சந்தோஷமாப் போறேன்."

அந்த ஒரு சொல்லில் அத்தை உடைந்துபோய் உட்கார்ந்தாள். "இல்லப்பா. சில்லுனு இருக்கான்," என்றாள்.

அம்மா கைக்கடிகாரத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உள்ளறைக்குப் போய், திரைக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். சின்னவள் பின்னாலேயே போனாள். அப்போதுதான் தான் ஏற்றிய படத்தை அவளும் முதன்முறையாகப் பார்த்தாள்.

அப்பாதான். அவருடைய நெற்றி, அவருடைய நரைமீசை. ஆனால் இரண்டு கண்களும் அகலத் திறந்து, தெளிவாக, ஒன்றுபோல் ஒன்று, நேராகப் பார்த்தன.

"இது பெரியவன் கண்ணு," என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"உங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி என்னைக்குத் திறந்திருந்துச்சு? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே இடது கண்ணு பாதிதான். கண்ணடிக்கறார்னு நினைச்சு நான் உள்ள ஓடிட்டேன்." அவள் விரல் திரையைத் தொடாமல் காற்றில் நின்றது. "இது பெரியவனோடது. நான் பெத்த கண்ணு எனக்குத் தெரியாதா?"

கணவன் முக்காலியில் உட்கார்ந்து, 'நல்லது' கேட்டுவைத்த கேள்விகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனான். கடைசிக் கேள்வி அங்கே இருந்தது. இந்தப் படத்தில் கண்கள் மூடியிருக்கின்றன. அதே மனிதரின் வேறு படத்திலிருந்து எடுத்துத் திறந்துவிடட்டுமா? ஆம் என்று அழுத்தப்பட்டிருந்தது. அந்தக் கணினியில் அப்பாவின் சாயலில் வேறு முகம் என்று இருந்தது ஒன்றே ஒன்று: அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது சீருடையில் எடுத்து அனுப்பிய படம். இரண்டு முகத்தையும் ஒரே ஆள் என்று அது எண்ணிக்கொண்டுவிட்டது.

"நான்தான் ஆம்னு அழுத்தினேன். படிக்கவே இல்ல," என்றாள் சின்னவள். "நல்லதுன்னு அப்பா எழுதியிருந்தார்மா..."

"அவர் நல்லதுன்னு எழுதினா அது இன்னும் பிரிக்காத சாமான்னு அர்த்தம். கிடங்குல அப்படித்தான். பிரிச்சு, மாட்டிப் பாத்துட்டா அந்தச் சீட்டை எடுத்துடுவார்," என்றாள் அம்மா.

கைபேசி மினுங்கியது. 'எனக்குப் புரியல. கிளம்பப்போறோம். அப்பா இருக்காரா இல்லையா?'

அத்தை வாசலில் வந்து நின்று, இவர்கள் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, திரையை வெகுநேரம் பார்த்தாள். காலையிலிருந்து அந்தக் கண்ணை மூடப் போராடியவள் அவள்.

"இருக்கட்டுமேடி. ஒண்ணும் சொல்லாதே. போறதுக்கு முந்தி எடுத்ததுன்னு சொல்லிடு. கடல்ல தனியாப் போற புள்ள, அப்பன் முழிச்சுப் பாக்கற மாதிரியே பாத்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

கணவன் முகத்தில் அதுவும் ஒரு வழிதானே என்ற தவிப்பு இருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவளுக்கு வழக்கமான 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திரையிலிருந்து அண்ணனின் கண்கள் அவளைப் பார்த்தன. கப்பலில், அவன் அதே நேரத்தில், தன் கண்களையே அப்பா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இல்ல அத்தை," என்றாள். "அவன் அப்பாவைப் பாக்கணும்னுதானே கேட்டான்."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் சின்னவள் 'இல்லை' என்று சொல்லிக் கேட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை.

'இல்லண்ணா. அது தப்பான படம். என் தப்பு. சரியானதைப் போடறேன், போயிடாதே,' என்று எழுதினாள். பக்கத்திலிருந்து படத்தை எடுத்தாள். பிறகு அந்தச் சாம்பல்நிறப் பெட்டியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"திறக்கலாமாம்மா?"

"என்னைக் கேக்காதே. நானும் தொட்டதில்ல," என்றாள் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே. கொஞ்சம் கழித்து, "தினம் கையாளற சாமானுக்குத்தான் அந்தச் சீட்டை ஒட்டுவார்," என்றாள்.

சின்னவள் திறந்தாள்.

அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் சன்னல் திரையில் வந்தது. அது எதையும் கேட்கவில்லை. இரண்டு கட்டங்களில் நீளமும் அகலமும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன, கப்பலுக்கு வேண்டிய அளவு. கடைசியாகச் சுருக்கிய படம் இன்னும் அதில் திறந்தபடி இருந்தது: எதிர்க் கட்டடம், பாதி வெள்ளையடித்த சுவர், சாரத்தில் ஒரு காலி வாளி. போன வாரம் சுவரின் முதல் பாதியைப் பக்கத்தில் போட்டிருந்தார். மீதியை இந்த வாரம் போடுவதாக இருந்திருக்கலாம். அவள் அதை மூடாமல், அதன் அருகில் அப்பாவின் முகத்தைத் திறந்தாள். இருந்தது ஒரே பொத்தான். அழுத்தினாள். முகம் இழுபடாமல், உப்பாமல், பெயர் எதுவும் சுமக்காமல், இருந்தபடியே சிறுத்தது.

இந்தமுறை ஏற்றுவதற்கு முன் நால்வரும் பார்த்தார்கள்.

படம் பக்கத்தில் ஏறியது. கூடத்தில் வண்டிக்காரர் தம் ஆளிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

'இடது கண்ணு மூடலையா?'

'இல்லண்ணா. அத்தை காலையிலேர்ந்து மூடி மூடிப் பாக்கறாங்க. நிக்க மாட்டேங்குது.'

எழுதுகிறான் என்று மறுபடி காட்டியது.

'விடச் சொல்லு. அவர் தூங்கினா அப்படித்தான். மதியத்துல நான் செருப்பைக் கையில எடுத்துட்டு வெளியே நழுவுவேன். அந்தக் கண்ணாலதான் பிடிப்பார்.'

பிறகு: 'பாத்துட்டேன்.'

பச்சைப் புள்ளி அணைந்தது. இணைப்பு போய்விட்டதா, அவனே அணைத்துவிட்டானா என்பது தெரியவில்லை. சின்னவள் செய்தியை உரக்கப் படித்துக் காட்டினாள். செருப்பு வரைக்கும் படித்துவிட்டு, மீதியைப் படிக்காமல் கைபேசியை அம்மாவிடம் கொடுத்தாள்.

"எடுக்கலாமாம்மா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

அம்மா தலையசைத்தாள். வண்டிக்காரரும் அவர் ஆளும் தலைப்பக்கமும் கணவன் கால்பக்கமும் குனிந்தபோது, அத்தை பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். தம்பியின் முகத்துக்கு மேலாக விரல் கொஞ்சம் நின்றது. பின்பு அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு விலகிக்கொண்டாள்.

படி வளைவில், "மெதுவா, இப்படித் திருப்புங்க, சுவர்ல இடிக்காம," என்ற குரல்கள் கீழிறங்கிக்கொண்டே போயின. செருப்பு மாட்ட வந்த சின்னவள் திரும்பி உள்ளறைக்குப் போனாள். கணினியை அணைப்பதற்குக் கையை நீட்டினாள். திரையில் வெள்ளையடித்த சுவரும், பக்கத்தில் தபால்தலை அளவு முகமும் இருந்தன. அவள் அணைக்கவில்லை. தூசுத் துணியை எடுத்து உதறித் திரையின் மேல் போட்டாள். ஒரு மூலை வழக்கம்போல் வெளியே நின்று, அதன் வழியே வெளிச்சம் கொஞ்சம் மேசைமேல் விழுந்தது. இழுத்துவிடப் பிடித்த துணியை அப்படியே விட்டுவிட்டு, அவள் படியிறங்கினாள்.